மணி உதிர்ந்த கொலுசு

மகள் புதுக் கொலுசோடு வீடெல்லாம் ஓடுகிறாள். எனக்கு அந்தச் சத்தம் ஆகாது.

தென்காசியில் என் அப்பா அடகு பிடித்தார். நடவுச் செலவுக்கு நகையை வைத்துப் பணம் வாங்குகிறவர்கள், அறுப்பு முடிந்ததும் வட்டி கட்டித் திருப்பிக்கொள்வார்கள். ஒவ்வொரு நகையையும் துணியில் முடிந்து, பெயர்ச்சீட்டு கட்டி, பெட்டியில் வைப்பார். "அடுத்தவுக நகை நம்ம மேல படக்கூடாது" என்பார். எனக்கென்று அவர் கொலுசு வாங்கித் தந்ததும் இல்லை.

ஒன்பது வயதில், சாரல் சமயத்தில், வில்வண்டியில் குற்றாலம் கிளம்பினோம். கிளம்புகிற நேரத்தில் அப்பாவின் அடகுப்பெட்டி திறந்திருந்தது. ஒரு முடிச்சை அவிழ்த்துக் கொலுசை மாட்டி, பாவாடையால் மறைத்துக்கொண்டேன். அருவிக்கரையில் பாவாடையைப் பிழிந்தபோது எதிரே, என்னோடு விளையாடும் பக்கத்துத் தெரு செல்லம்மா நின்றாள். கொலுசு அவளுடையது. என் காலையே பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து கழற்றினால் ஒரு மணியைக் காணோம். அப்படியே முடிந்து வைத்துவிட்டேன்.

அறுப்பு முடிந்து செல்லம்மாவின் அம்மா மகளோடு கொலுசைத் திருப்ப வந்தாள்.

"அண்ணாச்சி, ஒரு மணி குறையுதே."

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "வச்ச முடிச்சை நான் பிரிக்கவே இல்ல, தாயி." அவர் நம்பியதைத்தான் சொன்னார்.

அந்த அம்மாள் மகள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "ஏட்டி, நீதான் எங்கனயோ தொலைச்சிருக்க!"

செல்லம்மா என்னைப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. சிநேகிதத்தால் என்று அன்று நினைத்துக்கொண்டேன். அடுத்த நடவுக்கும் அந்தக் கொலுசோடு எங்கள் வாசலுக்குத்தான் வரவேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

மகள் மடியில் வந்து விழுகிறாள். "அம்மா, நீ சின்னப்பிள்ளையில கொலுசு போட்டிருக்கியா?"

"இல்லட்டி" என்கிறேன்.