சாஸ்திரிகள் பாதி வழியில் நிற்கிறார்கள்

சாலைக் கடைத்தெருவில் என் இரும்புக் கடையை நான் கட்டினேன். கடைக்குப் பின்னால் இருக்கிற கோடவுன் - அதுவும் நான். குடியிருக்கிற வீடு - நான். எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ சபையின் சுற்றுச்சுவர், மணிக்கூண்டு, பெண்கள் பக்கத்துக் கக்கூஸ், மூன்றும் நான் முன்னால் நின்று கட்டியது. "இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று அன்றைக்குக் கேட்டவர்கள், இன்றைக்கு அந்தச் சுவரில்தான் சாய்ந்து நின்று அரசியல் பேசுகிறார்கள்.

அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. நாஞ்சில் நாட்டிலிருந்து தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கியபோது, பசிக்கிறது என்று மலையாளத்தில் சொல்லக்கூடத் தெரியாது. மூட்டை தூக்கினேன். தோளில் காய்ப்பு இன்னும் இருக்கிறது. தொட்டுப் பார்க்க வேண்டுமா? கடைக்கு வாருங்கள்.

பெருமை பேசுகிறேன் என்கிறீர்களா? ஆமாம், பேசுகிறேன். இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு இது புதுசா என்ன?

ஆனால் இந்த வாரம் பெருமையைவிடக் கோபம் ஜாஸ்தி. என் எழுத்துப் பிழைகளைப் பத்திரிகை ஆபீஸில் திருத்துவார்கள். கோபத்தைத் திருத்தக் கூடாது என்று போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

நான் கட்டியதில் செங்கலும் சிமென்ட்டும் இல்லாத ஒன்றும் உண்டு. ஒரு பழக்கம். அதைத்தான் இந்த ஜனவரியில் பிரித்துப் போட்டார்கள்.

சொல்கிறேன்...

கிறிஸ்மஸ் வந்தால் எங்கள் ஊர்க் கோயில்களில் புல்கூடு வைப்போம். வைக்கோல் வேய்ந்த சின்னத் தொழுவம். உள்ளே குழந்தை இயேசு, மரியாள், யோசேப்பு, ஆடு மாடு, மேய்ப்பர்கள். கூடவே, நட்சத்திரத்தைப் பார்த்துக் கிழக்கேயிருந்து வந்த சாஸ்திரிகள். எல்லா இடத்திலும் கிறிஸ்மஸுக்கு முந்தின ராத்திரியே எல்லாரும் ஆஜர். குரூப் போட்டோ மாதிரி!

எங்கள் சபையில் அப்படி இல்லை. காரணம் நான்.

மூட்டை தூக்கிய காலத்தில், கோட்டைக்குள் அக்ரஹாரத் தெருக்களுக்கு அரிசி கொண்டுபோய் இறக்குவேன். அங்கே சாஸ்திரிகள் என்றால் யார் என்று எல்லாருக்கும் தெரியும். விடியும் முன்னே குளித்துவிட்டு, ஈர வேட்டியோடு வேகு வேகு என்று நடந்து போவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயிலில் வேதம் வாசிக்கிறார்கள். குழந்தையைப் பார்க்கக் கிழக்கேயிருந்து சாஸ்திரிகள் வந்தார்களாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் எனக்குத் தெரிந்த கிழக்கு ஒன்றுதான் - அந்த அக்ரஹாரத்துக்குப் போகிற கிழக்கே கோட்டை வாசல்!

ஆராதனை முடிந்ததும் ஐயரிடம் ஓடினேன். எங்கள் ஆட்கள் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். இருக்கிற குழப்பம் போதாது என்று இது வேறு!

"ஐயரே, வந்தது நம்ம கோட்டைக்குள்ள உள்ள சாஸ்திரிகளா? நேத்து ஒருத்தரு என்னட்ட, அரிசியில கல்லு கிடக்குன்னு சண்டை போட்டாரு. அவரும் போனாரா?"

ஐயர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இல்லடே, அது வேற கிழக்கு. ரொம்பத் தூரம். நட்சத்திரத்தைப் பாத்துப் பாத்து நடக்கணும். வந்து சேர நாளாகும்."

"அப்பம் கிறிஸ்மசுக்கு வந்து சேந்திருக்க மாட்டாங்களே?"

"மாட்டாங்க. பிந்தித்தான் வந்தாங்க. அதுக்குத்தானே ஜனவரியில பிரசன்னத் திருநாள்னு தனியா வச்சிருக்கு."

சிரிப்பை அவர் வைத்துக்கொண்டார். பதிலை நான் வைத்துக்கொண்டேன்.

(மலையாள ஆராதனையில் இவர்களை வித்வான்மார் என்கிறார்கள். நமக்கு வித்வான் என்றால் நாதஸ்வரம்தான் ஞாபகம் வரும். எனக்கு சாஸ்திரிகளே போதும்.)

சபையில் என் வார்த்தைக்கு எடை வந்ததும் முதல் காரியமாக அந்த மண்பொம்மைகளைத் தொழுவத்திலிருந்து வெளியே எடுத்தேன். எத்தனை சாஸ்திரிகள் என்று வேதத்தில் எண்ணிக்கை இல்லையாம். கடையில் விற்கிற செட்டில் மூன்றுதான். கிறிஸ்மஸ் ராத்திரி மூவரும் கேட் தூணில் நிற்பார்கள். அப்புறம் நாளுக்குக் கொஞ்சம் நகர்வார்கள். வாசப்படி, முதல் ஜன்னல், அடுத்த ஜன்னல்... கடை திறக்கப் போகிற வழியில் இறங்கி நானே நகர்த்தி வைப்பேன். பிரசன்னத் திருநாள் ஞாயிறு அன்றுதான் புல்கூட்டுக்குள் நுழைவார்கள். அதுவும் யார் கையால்? அன்றைக்குக் கோயிலுக்குக் கடைசியாக வந்து சேர்கிறவர் கையால்.

ஆமாம், கடைசி ஆள். முதல் பெஞ்சுக்காரருக்கு அந்த வேலை கிடையாது. ஆரம்பித்து வைத்த எனக்கே கிடையாது!

வருஷா வருஷம் அந்தக் கடைசி ஆள் கல்லாற்றிலிருந்துதான் வருவார். ஞானதாஸ், ரோஸ்லெட் - புருஷன் பெண்டாட்டி. பொன்முடி மலைக்குக் கீழே ஆற்றோரம் டீக்கடை. கிறிஸ்மஸ் லீவில்தான் மலையேறுகிற கூட்டம் குவியும். அப்போது கடையை அடைத்தால் வருஷம் முழுக்க வயிற்றில் ஈரத்துணி. ஆகவே டிசம்பரில் அவர்களுக்குக் கிறிஸ்மஸ் இல்லை. கூட்டம் இறங்கின பிறகு, இரண்டு பஸ் மாறி, பிரசன்னத் திருநாளுக்கு வருவார்கள். அதுதான் அவர்கள் கிறிஸ்மஸ். பாட்டெல்லாம் முடிந்து பிரசங்கம் தொடங்கும்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும். கல்லாறு வந்தாச்சு என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்.

போன மழைக்காலத்தில் ஞானதாஸுக்கு ஸ்ட்ரோக். வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறியது. டிசம்பரில் ரோஸ்லெட் போன் போட்டாள்.

"அண்ணாச்சி, இவரு ஒரே பிடிவாதமாக்கும். 'இந்த வருசமும் சாஸ்திரிய நான்தான் வைப்பேன், வலது கையாலதான் வைப்பேன்'னு நிக்காரு. வெறும் டீ கிளாஸத் தூக்கித் தூக்கி வச்சுப் பழகுதாரு. கடையில இப்பம் கிளாசே மிச்சமில்ல, எல்லாம் ஒடச்சாச்சு."

"ஒடயட்டும் பிள்ளே. கூட்டிட்டு வா. எப்பவும் போல கடைசியா வா" என்றேன்.

புதுவருஷம் பிறந்ததும் எனக்குக் காய்ச்சல். படுத்துவிட்டேன். திருநாள் ஞாயிறு காலையில்தான் எழுந்து கோயிலுக்குப் போனேன். நான் கடைசியாக வைத்த மூன்றாவது ஜன்னலிலேயே சாஸ்திரிகள் நிற்கிறார்கள். பக்கத்தில் யாரோ கழற்றி வைத்த ஹெல்மெட், பாதி குடித்த தண்ணீர் பாட்டில். சரி, நகர்த்த ஆளில்லை, போகட்டும் என்று உள்ளே பார்த்தேன்.

புல்கூடு இல்லை!

அந்த மூலையில் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

சபைச் செக்ரட்டரி அஜினைப் பிடித்தேன். ஐ.டி. கம்பெனியில் வேலை. நல்ல பிள்ளைதான். படித்ததெல்லாம் மலையாளம், பேசுகிறதில் பாதியும் அதுதான்.

"புல்கூடு எங்கடே?"

"அங்கிளே, அது எடுத்து மாத்தியாச்சு. இங்க ஒரு கல்யாணம் இருந்ததுல்லே? டெக்கரேஷன்காரங்களுக்கு ஸ்பேஸ் வேணும்னாங்க."

"திருநாள் இன்னைக்குல்லா?"

"கிறிஸ்மஸ் கழிஞ்சு போச்சுல்லோ அங்கிள். நெக்ஸ்ட் இயர் நமக்கு அடிபொளியா, கிராண்டா வைக்கலாம்."

"அந்தா ஜன்னல்ல நிக்காங்களே, அவங்க எங்கடே போவாங்க?"

அவன் சிரித்தான். "கரெக்டா பாத்தா அங்கிள், சாஸ்திரிமார் வந்தது ஒரு வீட்டுக்குன்னு அல்லே வேதத்துல இருக்கு? தொழுவத்துக்குன்னு இல்லல்லோ. அப்போ புல்கூடு எடுத்தது டெக்னிக்கலி சரிதான்."

டெக்னிக்கலி!

இப்போது இருக்கிற ஐயரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தலையைச் சொறிந்தார். "அவன் சொல்றது சரிதான் அண்ணாச்சி. வீடுன்னுதான் இருக்கு."

கோபம் இரட்டிப்பானது. தப்பாகப் பேசித் தப்புச் செய்கிறவனைத் திட்டிவிடலாம். சரியான வசனத்தைக் கையில் வைத்துக்கொண்டு தப்புச் செய்கிறவனை என்ன செய்வது?

"சரிடே, வீடு. அந்த வீடு எங்க? தொழுவத்தைப் பிரிச்சியே, வீட்டைக் கட்டினியா? புள்ளைய எங்க வச்சிருக்கே?"

"ஸ்டோர் ரூம்ல... கார்ட்டன்ல இருக்கு."

அதற்குள் மணி அடித்துவிட்டது. நான் கட்டின மணிக்கூண்டு, எனக்கு எதிராகவே அடிக்கிறது!

பிரசங்கம் தொடங்கியது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. இந்த முறை ஒரு செருப்பு நடக்கிறது, இன்னொன்று தரையில் இழுபடுகிறது. திரும்பிப் பார்த்தேன். ஞானதாஸ். சலவை வேட்டி, ஒரு பக்கம் தடி, மறுபக்கம் ரோஸ்லெட். என்னைப் பார்த்ததும் கோணல் வாயோடு ஒரு சிரிப்பு.

ஐயர் அன்றைக்கு என்ன பிரசங்கித்தார்? எனக்கு ஒரு வார்த்தை ஏறவில்லை. இந்த மனுஷனுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? இது ஒன்றுதான் உள்ளே ஓடியது.

ஆராதனை முடிந்தது. ஞானதாஸ் நேராக அந்த மூலைக்கு நடந்தார். நாற்காலி அடுக்கின் முன்னால் நின்றார்.

"என்ன அண்ணாச்சி..." என்றார், குழறிக் குழறி. "இந்த வாட்டி புள்ள... முன்கூட்டியே எகிப்துக்கு ஓடிப் போச்சா?"

(வேதத்தில், சாஸ்திரிகள் வந்துபோன பிறகுதான் ஏரோது ராஜாவுக்குப் பயந்து குழந்தையை எகிப்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.) சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவருடைய வலது கை வேட்டி மடிப்பைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

"இந்த ஒரு காரியத்துக்காகத்தான் அண்ணாச்சி இவரு கட்டில விட்டே எழும்பினாரு" என்றாள் ரோஸ்லெட். சத்தம் போடாமல் சொன்னாள். சத்தம் போட்டிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

"சாவியைக் கொண்டாடே!"

கோயிலுக்குள் நின்று அப்படிக் கத்தினேன். சாவி வந்தது. ஸ்டோர் ரூமைத் திறந்தேன். உடைந்த ஃபேன், மைக் ஸ்டாண்டு, துடைப்பம், சபை விருந்துக்குப் பிரியாணி வைக்கிற பெரிய செம்பு. கார்ட்டனைக் கிழித்து, பேப்பரில் சுற்றிக் கிடந்த குழந்தையை எடுத்தேன். செம்பைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தேன். மரியாளையும் யோசேப்பையும் தேட நேரமில்லை.

"வீடு கேட்டியே, இந்தா வீடு!" என்றேன் அஜினிடம். அவன் மைக் ஸ்டாண்டை ஓரமாக நகர்த்தி வழி விட்டான்.

ஜன்னலிலிருந்து ரோஸ்லெட் சாஸ்திரிகளைக் கொண்டுவந்தாள். முதல் இருவரை ஞானதாஸ், வலது கைக்கு இடது கையை முட்டுக் கொடுத்து வைத்தார். மூன்றாமவர் ஒட்டகத்தில் இருப்பவர், நல்ல கனம். இடது கையை எடுத்துவிட்டு, வெறும் வலது கையில் வாங்கினார். கை ஆடியது. ரோஸ்லெட் பிடிக்கப் போனாள்.

"விடு பிள்ளே. ஒடஞ்சா... கிளாஸோட கிளாஸா எழுதிக்க."

சபை முழுக்க அந்தச் சின்ன ரூம் வாசலில் முண்டிக்கொண்டு நிற்கிறது. ஐயர் அங்கியோடு நிற்கிறார். ஒட்டகம் மேலே போனது, ஒரு பக்கம் சாய்ந்தது, நிமிர்ந்தது... செம்பின்மேல் 'டங்' என்று உட்கார்ந்தது.

ஞானதாஸ் மறுபடி சிரித்தார். இந்த முறை அவ்வளவு கோணல் இல்லை.

வீட்டுக்கு வந்தும் கோபம் அடங்கவில்லை. யோசித்துப் பார்த்தேன். ஏரோது ராஜா கதையில் ஒரு கூட்டம் வரும், கவனித்திருக்கிறீர்களா? குழந்தை எங்கே பிறக்கும் என்று ராஜா கேட்டதும், வசனத்தோடு ஊர்ப் பேரைச் சொன்ன படிப்பாளிகள். ஊர் சரி, வசனம் சரி. எல்லாம் டெக்னிக்கலி சரி! நடக்கிற தூரத்தில்தான் ஊர். ஒருத்தனாவது எழுந்து போய்ப் பார்த்தானா? இல்லை. விலாசம் தெரியாமல் கேட்டுக் கேட்டு வந்த சாஸ்திரிகள்தான் போய்ச் சேர்ந்தார்கள்.

நாம் மட்டும் என்ன? டிசம்பர் பிறக்கும் முன்னே ஸ்டார் கட்டுகிறோம். கிறிஸ்மஸுக்கு மறுநாளே கேக்கைப் பாதி விலைக்குத் தள்ளுகிறோம். புதுவருஷத்தோடு எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பரணில் போடுகிறோம். பண்டிகை அன்றைக்கு டியூட்டி பார்க்கிற நர்ஸ்? பஸ் ஓட்டுகிறவர்? ஊர் சுற்றப் போன நமக்கு டீ போட்டுக் கொடுத்த ஆள்? அவர்கள் வேலை முடித்து வரும்போது நாற்காலி அடுக்கியிருக்கிறது. கிறிஸ்மஸ் முடிந்தது என்று சொல்ல நாம் யார்? கடைசி ஆள் வந்து சேர்ந்தால்தானே முடியும்?

இத்தோடு விட்டிருப்பேன். விட விட்டால்தானே! மறுநாள் சபை வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வருகிறது. செம்பு, குழந்தை, ஒட்டகம், ஞானதாஸின் கை. கை மட்டும். முகம் இல்லை! கீழே எழுதியிருக்கிறது: 'சபைக் கமிட்டியின் புதுமையான முயற்சி - ஸ்டோர் ரூமில் ஒரு பெத்லகேம்'. ஆளுக்கு ஆள் கும்பிடு போட்டிருக்கிறார்கள். ஐயரும்தான்!

கமிட்டியா? கமிட்டி முயற்சி செய்து அடுக்கியது நாற்காலியை.

அஜினுக்கு போன் போட்டேன். "சாரமில்ல அங்கிள், விடுங்க. எல்லாம் கர்த்தருடைய மகிமைக்குத்தானே" என்கிறான். மகிமை கர்த்தருக்குத்தான் தம்பி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்படியானால் நடுவில் கமிட்டிக்கு என்ன வேலை?

ஆகவே ஊர் அறிய, அச்சிலேயே கேட்கிறேன். அந்த வரியை அழி. 'சாஸ்திரிகளைக் கொண்டுவந்து சேர்த்தவர் கல்லாறு ஞானதாஸ்' என்று பெரிய எழுத்தில் போடு. அதற்குக் கீழே, இந்தப் பழக்கத்தை ஆரம்பித்தவன் என்று என் பேரைப் போடு. சின்ன எழுத்து போதும். ஆனால், போடு!