என் மகள் போட்ட பூட்டு

பிற்பகல் மூன்று இருபதுக்கு அந்தத் தொழிற்சாலை வாசலில் நின்றுகொண்டு, என் கணவருக்கு நெஞ்சு வலி என்று காவலாளியிடம் சொன்னேன். எல்லாம் கோணலாகத் தொடங்கியது அந்த நேரத்தில்தான். அவருக்கு ஒரு வலியும் இல்லை. விழுப்புரத்தில் வீட்டில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒலக்கூர் பக்கம், வயல்களுக்கு நடுவே இருக்கும் மாட்டுத் தீவன ஆலை அது. எலக்ட்ரிகல் டிப்ளமா முடித்த என் மகள் அங்கே ஓராண்டு அப்ரண்டிஸாகச் சேர்ந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. சேர்ந்த நாளிலிருந்தே எனக்கு அந்த இடத்தின் மேல் சந்தேகம்.

சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. படிக்கும்போது கல்லூரியில் இன்டர்ன்ஷிப் என்று ஒன்று வைத்தார்கள். கண்டமங்கலம் பக்கம் ஏதோ ஒரு கம்பெனிக்கு அனுப்பினார்கள். அங்கே இவளையும் இவள் தோழிகளையும் ஓர் அறையில் ஃபேனுக்குக் கீழே உட்காரவைத்து, சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடவிடவில்லை. கடைசியில் "சிறப்பாகப் பயிற்சி பெற்றார்" என்று சான்றிதழ் மட்டும் பளபளவென்று வந்தது. அதைப் பார்த்தபின் பயிற்சி என்ற சொல்லையே நான் நம்புவதில்லை.

விழுப்புரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் என் தம்பி வேறு எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினான். "அப்ரண்டிஸ்னா இன்னான்னு நினைச்சக்கா? வருஷம் பூரா வேலை வாங்கிக்கினு, கடைசி நாள்ல டாட்டா காட்டிடுவான். அடுத்த நாளு புதுசா ஒரு கும்பல் வரும். பேசாம நம்ம கடைக்கு அனுப்பு. ஏசி ரூம்ல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காரட்டும்."

நான் மகளிடம் கேட்டேன். "வேலைய குடுப்பாங்களாடி?"

"அங்க மெஷின் ஓட்டுறவங்கள்ல முக்காவாசி பேரு அப்ரண்டிஸா வந்தவங்கதாம்மா."

"அப்ரண்டிஸா வந்து வீட்டுக்குப் போனவங்க எவ்ளோ பேரு? அத்த சொல்லு."

அவளுக்குத் தெரியவில்லை. தெரியாததை நான் எழுதி வைத்த மாதிரி மனதில் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வரும்போது அவள்மேல் தவிடும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைப் புண்ணாக்கும் கலந்த வாசம் அடிக்கும். நகக்கண்ணில் கிரீஸ். ஒருநாள் சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னாள்: "இன்னிக்கி மிக்சர் உள்ள இறங்கி பேரிங் பாத்தேம்மா." மிக்சர் என்பது ஓர் அறையளவு இரும்புத் தொட்டி, உள்ளே ஆளுயரத்துக்கு இரும்புக் கைகள் சுழலும் என்று அவளே முன்பு சொல்லியிருக்கிறாள். நான் தட்டைத் தள்ளி வைத்தேன். தம்பியிடம் சொன்னேன். "பர்மனென்ட் ஆளுங்க எவனும் இறங்க மாட்டான்க்கா. அதுக்குத்தான் இந்தப் பசங்கள சேக்குறது" என்றான். அவளை எப்படியாவது அங்கிருந்து கூட்டிக்கொண்டு வந்துவிடுவது என்று அன்றே முடிவுசெய்துவிட்டேன்.

திண்டிவனத்தில் உறவுக்காரப் பெண்ணுக்கு ஒரு சனிக்கிழமை வளைகாப்பு. சாப்பாடு முடிந்ததும் கை நிறைய வளையலும் தாம்பூலப் பையுமாக ஆட்டோ பிடித்து நேராக ஆலைக்குப் போனேன். மகள் தானாக வரமாட்டாள் என்று தெரியும். அதனால்தான் அந்த நெஞ்சு வலி.

காவலாளி பாவம், பதறிப்போய் அவரே உள்ளே ஓடி அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். முடியெல்லாம் தூசியோடு, முகம் வெளுத்து ஓடி வந்தாள். செல்போனைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அதை வேலையிடத்துக்குக் கொண்டுபோகக் கூடாதாம். ஓய்வறைப் பெட்டியில் வைத்திருந்தாள்.

"பாப்பா, வெளிய போறதுக்கு ஒரு கையெழுத்து போட்டுட்டு போம்மா" என்றார் காவலாளி.

"மனுஷன் அங்க உயிருக்குப் போராடிக்கினு இருக்காரு, உங்களுக்குக் கையெழுத்தா?" என்று கத்திவிட்டு, மகள் கையைப் பிடித்து இழுத்து, காத்திருக்கச் சொல்லியிருந்த ஆட்டோவில் ஏற்றினேன். ஆட்டோ திரும்பும்போது அந்தக் காவலாளியும் டியூட்டி முடிந்து, சட்டை மாற்றிக்கொண்டு சைக்கிளை எடுப்பதைப் பார்த்தேன். அவர் இடத்தில் வேறு ஒருவர் உட்கார்ந்துகொண்டிருந்தார். அது எனக்கு அப்போது ஒரு விஷயமாகவே படவில்லை.

திண்டிவனத்தில் விழுப்புரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபின் உண்மையைச் சொன்னேன்.

"அப்பா நல்லாத்தான் இருக்காரு. இனிமே நீ அங்க போகவேணாம்."

அவள் என்னை அப்படி ஒரு பார்வை பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சற்று நேரத்தில் என் கைப்பேசி அடித்தது. தெரியாத எண். கடன் வேணுமா என்று கேட்கிற யாரோ என்று வெட்டினேன். மறுபடி அடித்தது. ஆலைக்காரர்களாக இருக்கும், ஆசை வார்த்தை சொல்லித் திரும்ப அழைக்கப் பார்க்கிறார்கள் என்று தோன்றியது. அதையும் வெட்டினேன். மூன்றாவது முறை அடித்தபோது சத்தத்தை அணைத்துப் பையில் போட்டேன்.

கண்டக்டர் டிக்கெட் கேட்டு வந்தார். மகள் பழக்கத்தில் தன் பேன்ட் பையில் கையை விட்டாள். காசு வரவில்லை. ஒரு சின்னச் சாவி வந்தது.

அதைப் பார்த்துக்கொண்டே அவள் எழுந்து நின்றுவிட்டாள். "நிறுத்துங்க! அண்ணா, வண்டிய நிறுத்துங்க!"

"பைத்தியமா உனக்கு, உக்காருடி."

"அம்மா, என் பூட்டு மெஷின்ல தொங்குது!"

மயிலம் ரோடு பிரிகிற இடத்தில் எங்களை இறக்கிவிட்டுக் கண்டக்டர் ஏதோ முணுமுணுத்தபடி விசில் அடித்தார். டீக்கடைக்கு முன்னால், வளைகாப்புப் பட்டுப்புடவையோடு நான். பக்கத்தில் தவிட்டுத் தூசியோடு அவள். அங்கே நின்றுதான் அந்தப் பூட்டைப் பற்றி முதல்முறையாகக் கேட்டேன்.

இயந்திரத்துக்குள் யார் இறங்கினாலும், இறங்கும் முன் மெயின் சுவிட்சை அணைத்து அதில் தன் சொந்தப் பூட்டைப் போடவேண்டும். பூட்டில் போட்டவரின் படம் ஒட்டியிருக்கும். போட்டவர் வெளியே வந்து தன் கையால் எடுத்தால்தான் சுவிட்சைப் போடலாம். மேனேஜரே வந்தாலும் அடுத்தவர் பூட்டைத் தொடக் கூடாது. அப்ரண்டிஸுக்கும் அதே சட்டம்தான். அன்று அவள் மிக்சருக்குள் வேலை முடித்து வெளியே வந்து, பூட்டை எடுக்கும் முன் காவலாளி கூப்பிட்டார். அவள் வெளியே வந்ததைக் கூட இருந்தவர் பார்க்கவில்லை, கிரீஸ் டப்பாவை வைக்கப் போயிருந்தார்.

"வேற சாவி இல்லாமயா இருக்கும்? ஆபீஸ்ல இருக்கும், எடுத்துப்பாங்க" என்றேன்.

"இருக்காதும்மா. ஆளுக்கு ஒரே சாவிதான். என் போட்டோ அதுல தொங்குதுன்னா நான் உள்ள இருக்கேன்னு அர்த்தம்." சாவியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "கேட்ல கையெழுத்தும் போடல. என்னைப் பாத்த வாட்ச்மேனும் டியூட்டி மாறிப் போயிட்டாரு. என் போனு ரூம்லயே அடிச்சிக்கினு இருக்கும்."

என் கைப்பேசியைப் பிடுங்கினாள். திரையில் அந்த எண்ணிலிருந்து அழைப்புகள் குவிந்திருந்தன. அவள் கூப்பிட்டாள். ஒலிபெருக்கியில் போட்டதால் எனக்கும் கேட்டது.

"சார், நான்தான் சார்..."

அந்தப் பக்கத்து ஆள் பேசியது எங்களிடம் இல்லை. "வெளிய இருக்கா! டேய், வெளிய இருக்காடா! நிறுத்துங்க, எல்லாரும் மேல வாங்க!" தூரத்தில் பல குரல்கள் ஒன்றாக எழுந்தன. யாரோ சிரித்தார்கள். அது சிரிப்பா அழுகையா என்று எனக்கு இன்றும் தெரியாது. அந்தத் தொட்டிக்குள் மேலேயிருந்து சரிந்து விழுந்திருந்த தீவனத்தைக் கையால் அள்ளி அள்ளி வெளியே போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். எதைத் தேடினார்கள் என்பதை என்னால் எழுத முடியவில்லை.

"எங்க இருக்க?"

"மயிலம் ரோடு பிரியற இடத்துல சார்."

"அங்கயே இரு. நகராத." இணைப்பு துண்டிக்கப்பட்டது.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்த நிலையிலும் மனம் சும்மா இருக்கவில்லை. ஒரு வருடத்தில் அனுப்பிவிடப்போகிற ஒரு பெண்ணுக்காக ஆலையையே நிறுத்திவைப்பார்களா? போலீஸுக்கும் கேஸுக்கும் பயந்துதான் என்று நினைத்தேன். இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன். பயத்தினால் போட்ட சட்டமாக இருந்தாலும் அது என் பிள்ளையைக் காப்பதற்காகப் போட்டதுதான் என்று மீதிப் பாதி சொல்கிறது. ஃபேனுக்குக் கீழே உட்காரவைத்த கம்பெனியில் அவள் இருக்கிறாளா இல்லையா என்று யாரும் தேடியிருக்க மாட்டார்கள்.

"வர்றவன்கிட்ட சாவிய குடுத்து அனுப்பிடு. நாம வீட்டுக்குப் போலாம்" என்றேன்.

"அவ்ளோதாம்மா. முடிஞ்சுது. பூட்ட எடுக்க மறந்த ஆள வச்சிக்க மாட்டாங்க." முகத்தைத் துடைத்தாள். தூசி சேறாகி இழுபட்டது. "எனக்கு அங்க பானல் போர்டு ஒயரிங் குடுக்கறதா இருந்தாங்க. அடுத்த வாரம். நீ பெத்த பொண்ண நீயே பேஜாரு பண்ணிட்ட."

எனக்கு வேண்டியது அதுதான்: அவள் அந்த ஆலையைவிட்டு வருவது. வேண்டியது கிடைத்த மகிழ்ச்சியே இல்லை. கணவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். "நெஞ்சு வலின்னு சொன்னியா? சாகடிக்கறதுக்கு வேற ஆளே கிடைக்கலையா உனக்கு?" என்று கேட்டுவிட்டு, பிறகு குரல் தாழ்ந்து, "பாப்பா பக்கத்துலதான இருக்கா?" என்று மறுபடி மறுபடி கேட்டார்.

இருட்டும் முன் ஒரு சிறிய வேன் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் அவளுடைய ஷிப்ட் இன்ஜினியர். என் வயதுதான் இருக்கும். தலை, புருவம், சட்டை முழுக்கத் தவிடு. முட்டிக்குக் கீழே பேன்ட் கிழிந்திருந்தது. தொட்டிக்குள் முதலில் இறங்கியவர் அவர்தான் என்பது பார்த்ததும் தெரிந்தது. இறங்கி வந்து என் மகளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். தொடவில்லை, திட்டவும் இல்லை. அவள் சாவியை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"அத்த ஏன் என்கிட்ட குடுக்குற? நீ போட்டது, நீ வந்து எடு. அதுவரைக்கும் ஒருத்தனும் தொட மாட்டான்."

பிறகு என் பக்கம் திரும்பினார். நான் தாம்பூலப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா, உங்க பொண்ணு, கூட்டிக்கினு போறது உங்க இஷ்டம். பூட்ட எடுத்துட்டு கூட்டிக்கினு போங்க. நீங்களும் வண்டியில ஏறுங்க. அந்தத் தொட்டிக்குள்ள இன்னா இருக்குன்னு நீங்களும் ஒருவாட்டி பாத்துடுங்க."

மகள் ஏற்கெனவே முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்திருந்தாள். அவர் கதவைச் சாத்தப்போனவர், கையை எடுக்காமல் அவளிடம் கேட்டார்.

"திங்கக்கிழமை காலைல முதல் ஷிப்டு. எல்லார் முன்னாடியும் நின்னு, எப்படி மறந்தேன்னு சொல்லணும். அப்புறம்தான் பானல் போர்டு. வர்றியா, இல்ல வேற ஆள போடட்டுமா?"