இனி வராத வண்டி

அலுவலகத்தில் அவருக்குத் தேய்மானம் என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. காப்பீட்டு நிறுவனத்தின் சார்பில் விபத்து வண்டிகளைப் போய்ப் பார்த்து, இழப்பு எவ்வளவு என்று எழுதித் தருவது அவர் வேலை. நசுங்கிய வண்டிக்குப் பக்கத்தில் நெஞ்சு படபடக்க நிற்பவரிடம், "வண்டின்னா தேய்மானம் உண்டுங்க. ஷோரூமை விட்டு வெளிய வந்த நிமிஷமே விலை இறங்கிடும்" என்று ஆரம்பிப்பார். ரப்பருக்கு இவ்வளவு, பிளாஸ்டிக்குக்கு இவ்வளவு என்று கழித்துக்கொண்டே போவார். கழிக்கக் கழிக்க முகத்தில் ஒரு களை வரும்.

இப்படிப்பட்டவர்தான் நாற்பத்தேழாவது வயதில், விலை இறங்காத வண்டி ஒன்று இந்த உலகத்தில் உண்டு என்று நம்பினார். நம்பியதோடு நிற்காமல் வாங்கியும் விட்டார்.

அது இரண்டே இருக்கை உள்ள ஸ்போர்ட்ஸ் கார். கருஞ்சிவப்பு நிறம். தரையோடு தரையாகப் பதுங்கியிருப்பது போல் இருக்கும். விற்பனை போதாததால் அந்த மாடலை நிறுத்திவிடுகிறோம் என்று அதைச் செய்த நிறுவனம் அறிவித்தது. யாரும் வாங்காததால்தான் நிறுத்துகிறார்கள் என்பது அந்த அறிவிப்பின் முதல் வரியிலேயே இருந்தது. அவர் அதைத் தாண்டி இரண்டாவது வரிக்குப் போய்விட்டார். இனி வராது. இனி வராதது நாளுக்கு நாள் அரிதாகும், அரிதானது விலை ஏறும். இதைக் கண்டுபிடித்த முதல் ஆள் தான்தான் என்று அவருக்குத் தோன்றியது.

மனைவி ஒரு மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலை பார்த்தாள். மாடியில் மகளுக்கு ஓர் அறை கட்டவென்று இருவரும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் வங்கியில் இருந்தது. அதைத்தான் எடுக்கப்போகிறார் என்று தெரிந்ததும் அவள் சத்தம் போடவில்லை.

"எங்ககிட்ட ஒரு மாத்திரையை கம்பெனி நிறுத்திட்டா ரெண்டு மாசம் எல்லாரும் அலைஞ்சு தேடுவாங்க. அப்புறம் டாக்டர் வேற ஒண்ணு எழுதிக் குடுத்துடுவாரு. அதோட மறந்துடுவாங்க" என்றாள்.

"மாத்திரை வேற, கார் வேற."

"சரி, வேறதான்."

கார் வந்தது. ஷோரூமிலிருந்து வீடு வரை ஓடிய பதினான்கு கிலோமீட்டருக்காக அவர் ஒரு வாரம் வருத்தப்பட்டார். கிலோமீட்டர் ஏற ஏற விலை இறங்கும் என்பது அவர் சோறு போடும் தொழில் சொல்லிக்கொடுத்த பாடம். ஆகவே வண்டியை ஓட்டுவதில்லை என்று முடிவு செய்தார். வீட்டின் கீழ்ப்பகுதியில் இருந்த கொட்டகை அதற்காகக் காலியானது. துணி துவைக்கும் இயந்திரம் குளியலறைக்குப் போனது; குளிக்கிறவர்கள் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குளித்தார்கள். மகளின் சைக்கிள் வெளியே போய், மழையில் நனைந்து துருப்பிடித்தது. வண்டிக்கோ பஞ்சு வைத்துத் தைத்த உறை. அவர் வழக்கம்போல் பேருந்தில் தொங்கிக்கொண்டு அலுவலகம் போனார்.

மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. வீட்டில் மூன்று பேர், வண்டியில் இரண்டு இருக்கை. "நான் டிக்கில உக்காந்துக்கவா?" என்று ஒருநாள் கேட்டாள். டிக்கியின் விரிப்பு கசங்கும் என்று அவர் உண்மையாகவே பதில் சொன்னார்.

மூன்றாம் ஆண்டில் ஒரு காலைப்பொழுது, குளியலறையில் அந்தத் துணி இயந்திரத்தில் கால் தடுக்கி மனைவி விழுந்தாள். மணிக்கட்டு முறிந்துவிட்டது. அவர் பதறிப்போய் டாக்ஸிக்குச் சொன்னார். அது வந்து சேர இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடமும் அவள் வாசற்படியில் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே கொட்டகைக் கதவு பாதி திறந்திருந்தது. உறைக்கு அடியில் சிவப்பு முகப்பு நான்கு விரல்கடை தெரிந்தது. அவள் அதைப் பார்த்தாள். அவள் பார்ப்பதை அவர் பார்த்தார். போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

விலை? முதல் ஆண்டிலேயே மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிட்டது. தினமும் காலையில் பழைய வண்டி விளம்பரங்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவார். சந்தைக்கு இன்னும் விஷயம் தெரியவில்லை என்றார். ஐந்தாம் ஆண்டில் பாதியாகிவிட்டது. சந்தை தூங்குகிறது என்றார். அதே மாடல் வைத்திருந்த ஒன்பது பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஓர் உணவகத்தின் பின்னறையில் கூடி, வண்டி எப்படி விலை ஏறப்போகிறது என்று ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொண்டார்கள். கிலோமீட்டர் ஏறிவிடக்கூடாது என்பதால் ஒன்பது பேரும் பேருந்திலோ நடந்தோதான் வருவார்கள். ஒன்பது பேரும் விற்கக் காத்திருந்தவர்கள். வாங்குகிறவர் என்று ஒருவர்கூட அந்த அறைக்குள் கால் வைத்ததில்லை.

அவரிடம் மட்டும் ஒரு கூடுதல் வசதி இருந்தது. நாடு முழுவதும் விற்றவை நானூற்றுப் பன்னிரண்டு வண்டிகள் என்பதை விசாரித்து வைத்திருந்தார். விபத்துச் செய்திகள் எல்லாம் தொழில்முறையில் அவர் காதுக்கு வந்துவிடும். எங்காவது அந்த மாடல் ஒன்று அடிபட்டு ஒழிந்தால், ஒன்று குறைந்தது. அன்று மாலை வீட்டுக்கு ஐஸ்கிரீம் வாங்கி வருவார். மகள் முதலில் சந்தோஷமாகத் தின்றாள். கொஞ்சம் விவரம் வந்த பிறகு, "இன்னைக்கு யாருப்பா?" என்று கேட்க ஆரம்பித்தாள். ஓட்டியவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அவர் அவசரமாகச் சொல்வார். எல்லா நாளும் அது உண்மையாக இருந்ததில்லை.

ஆறாம் ஆண்டில் அப்படி ஒரு வண்டி அவர் கைக்கே வந்தது.

ஒரு பழுதுபார்க்கும் பட்டறையில் நின்றது. அதே மாடல், வெள்ளை நிறம். சிக்னலில் நின்றிருந்தபோது எதிர்ப்பக்கம் இருந்து வந்த வேன் ஒன்று தடுமாறி முகப்பில் இடித்துவிட்டது. உரிமையாளர் ஒரு பெண், நீச்சல் பயிற்சியாளர். நெற்றியில் சின்ன பிளாஸ்திரி. வண்டிக்குள் ஈரத் துண்டுகளும் குளத்து மருந்து வாடையும். பின்கண்ணாடி ஓரத்தில் நீச்சல் கண்ணாடிகள் நான்கைந்து தொங்கின. அவர் குனிந்து கிலோமீட்டர் காட்டியைப் பார்த்தார். ஒரு லட்சத்து முப்பதாயிரம். இந்த வண்டியைத் தினமும் ஓட்டுகிற ஒரு ஜென்மம் இருக்கும் என்று அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை.

மெக்கானிக் நிதானமான ஆள். பானெட், ரேடியேட்டர், ஒரு விளக்கு, அவ்வளவுதான் என்றார். வண்டியின் அடிச்சட்டத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. நிமிர்த்திவிடலாம்.

அது அவருக்கும் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். இருந்தாலும் வண்டியை மூன்று சுற்று சுற்றி வந்தார். நிமிர்த்தினால் நாட்டில் மிச்சம் முன்னூற்று எண்பத்தாறு. நிமிர்த்தாவிட்டால் முன்னூற்று எண்பத்தைந்து.

"பாகம் எங்கிருந்து கொண்டு வருவீங்க? மாடலையே நிறுத்திட்டாங்க. சரிசெய்ய வழியில்ல, முழு இழப்புன்னுதான் எழுதணும்" என்றார்.

மெக்கானிக் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வேறு வண்டிக்குப் போனார். அந்தப் பெண் மட்டும், உடைந்த வண்டியைத் தானே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். அதன் விலையைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார்கள், வைத்துக்கொள்ளலாம் என்றார். வைத்துக்கொண்டு என்ன செய்துவிடப்போகிறாள் என்று நினைத்தார்.

அன்று மாலையும் ஐஸ்கிரீம் வந்தது. அவருக்கு மட்டும் அது இறங்கவில்லை. பல் கூச்சம் என்றார்.

காலம் ஓடியது. மகள் படித்து முடித்து வேறு ஊரில் வேலைக்குப் போய்விட்டாள். கட்டப்படாத அறையில் ஒருநாள்கூட இருக்காமலே போனாள். பத்தாம் ஆண்டில், யாரும் எதிர்பாராமல், சந்தை கண்விழித்தது. நல்ல நிலையில் இருந்த ஒன்றிரண்டு வண்டிகள், அவர் அன்று கொடுத்த விலையைத் தொட்டு விற்றன. அந்தப் பத்தாண்டில் மற்ற எல்லாப் பொருளும் இரண்டு பங்கு விலை ஏறியிருந்தது என்று மனைவி நினைவூட்டினாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தலை கால் புரியவில்லை அவருக்கு. அலுவலகத்தில் எல்லோருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தார். விளம்பரம் கொடுத்தார்: ஒரே உரிமையாளர், மொத்தமே பதினான்கு கிலோமீட்டர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஒருவர் வந்தார். பல் மருத்துவர், பழைய கார்கள் சேர்ப்பதில் ஆசை உள்ளவர். உறையை விலக்கியதும் அவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பத்து வருடத்துக் கார் நேற்று வந்தது போல் பளபளத்தது. தேய்மானம் சுவரில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, அந்த நிமிடத்தை அனுபவித்தார்.

"ஸ்டார்ட் பண்ணுங்க, சத்தம் கேப்போம்" என்றார் பல் மருத்துவர்.

முதல் சில ஆண்டுகள் வாரம் ஒருமுறை இயந்திரத்தை ஓடவிட்டவர், அதுவும் தேய்மானம்தானே என்று பிறகு நிறுத்தியிருந்தார். புது பேட்டரி வாங்கி மாட்டி வைத்திருந்தார். சாவியைத் திருப்பினார். ஒரு சத்தமும் இல்லை. மறுபடி திருப்பினார். எங்கோ ஒரு விளக்கு மினுக்கிவிட்டு அணைந்தது. பல் மருத்துவர் பானெட்டைத் திறந்து, டார்ச் அடித்து, ஈறைப் பார்ப்பது போல் உள்ளே உற்றுப் பார்த்தார். ஒரு ரப்பர் குழாயை விரலால் அழுத்தினார். அது பொடியாக உதிர்ந்தது. பிறகு டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு ஒரு பிடி பஞ்சை எடுத்தார். உறையின் பஞ்சு. அதில் எலிகள் தலைமுறை தலைமுறையாகக் குடும்பம் நடத்தியிருந்தன. வயர்க்கட்டு மொத்தமும் கடிபட்டுக் கிடந்தது.

"வேற எதுவா இருந்தாலும் பாத்துக்கலாம். இந்த வயரிங் இப்ப எங்கயும் கிடைக்காதுங்க" என்றார். "மாடலை நிறுத்திட்டாங்க இல்லையா?"

அந்த வாக்கியத்தை அவர் ஆயிரம் தடவை பிறருக்குச் சொல்லியிருக்கிறார். தனக்கு யாராவது சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

பல் மருத்துவர் கைகழுவிக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். இதே மாடல், வெள்ளை நிறம், நீச்சல் குளத்துப் பக்கம் தினமும் போகிறது. இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடியும் பூ மாதிரி இருக்கிறது. இதற்குச் சொன்ன விலைக்கு மேலேயே கேட்டுப் பார்த்தேன், அந்தம்மா விற்க மாட்டேன் என்றுவிட்டார்கள்.

மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டு, அன்று வெள்ளை வண்டியைப் பார்த்த அந்தப் பட்டறைக்குப் போனார். எண்ணெய் மாற்றுவதற்காக வெள்ளை வண்டி அங்கேயே நின்றது. ரேடியேட்டர் எங்கே கிடைத்தது என்று கேட்டார். ஒரு வேனின் ரேடியேட்டரை அளவு பார்த்து வைத்ததாகவும், பானெட்டைத் தட்டியே எடுத்ததாகவும் மெக்கானிக் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பேச்சு கடைசியில் தேய்மானத்தின் வண்டிக்கு வந்தது. மெக்கானிக் வீட்டுக்கே வந்து பார்த்தார், உதடு பிதுக்கினார். வண்டியை வாங்கிக்கொள்ளும்படி சங்கத்தில் மற்ற எட்டுப் பேருக்கும் தேய்மானம் சொல்லிப் பார்த்தார். எட்டுப் பேரும் அவசரமாக வீட்டுக்குப் போய்த் தங்கள் தங்கள் டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்தார்கள். யாரும் வாங்கவில்லை.

மெக்கானிக் சொல்லிக் கேள்விப்பட்டு வாங்க வந்தது அந்த நீச்சல் பயிற்சியாளர்தான். கியர்பாக்ஸ், கதவு, கண்ணாடி, இருக்கை என்று கழற்றிப் பயன்படுத்திக்கொள்வாளாம். அவர் அன்று கொடுத்த விலையில் கால் பங்கு தருவதாகச் சொன்னாள். அவர் யோசிக்க நேரம் கேட்டார்.

"யோசிச்சது போதும். குடுத்துடுங்க" என்றாள் மனைவி. பத்து ஆண்டில் அந்த வண்டியைப் பற்றி அவள் சொன்ன மூன்றாவது கருத்து அது.

வண்டியை ஏற்றிப்போக லாரி வந்தது. மெக்கானிக் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார். பயிற்சியாளர் தேய்மானத்தின் அருகில் வந்தாள்.

"சார், ரொம்ப நாளா உங்களுக்கு நன்றி சொல்லணும்னு இருந்தேன். அன்னைக்கு நீங்க ரிப்பேருக்குன்னு எழுதியிருந்தா, தேய்மானம் அது இதுன்னு கழிச்சு பாதிதான் வந்திருக்கும். என் கையில அப்ப பணமே இல்ல, வண்டியை வித்திருப்பேன். முழு இழப்புன்னு எழுதினதாலதான் மொத்தமா பணம் வந்துது, நிமித்தி எடுத்துட்டேன். தெரிஞ்சேதானே எனக்காக அப்படி எழுதினீங்க?"

மெக்கானிக்கின் கையில் இருந்த சங்கிலி ஒரு நொடி நின்றது. அவர் தேய்மானத்தை ஏற இறங்கப் பார்த்தார். மறுக்க மெக்கானிக்குக்கு இரண்டு சொல் போதும்.

"நம்மால முடிஞ்சதும்மா" என்றார் தேய்மானம்.

சங்கிலி மறுபடி கடகடத்தது. சிவப்பு வண்டி பத்தாண்டுக்குப் பிறகு தெருவுக்கு வந்தது. லாரியின் முதுகில் படுத்தபடி வந்தது. அலுவலகத்தில் என்ன விலைக்குப் போனது என்று கேட்டார்கள். இப்போது போகிற விலைக்குத்தான் என்றார். முழு இழப்பு என்று எழுதிய விஷயத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நாளாக ஆக, அந்தப் பெண்ணுக்காகத்தான் அப்படி எழுதினோமோ என்று அவருக்கே லேசாகத் தோன்ற ஆரம்பித்தது.

வண்டியை விற்ற பேச்சுவார்த்தையில் மனைவிக்கும் பயிற்சியாளருக்கும் பழக்கமாகிவிட்டது. ஐம்பத்து மூன்றாவது வயதில் அவள் நீச்சல் பழகச் சேர்ந்தாள். வாரத்தில் மூன்று நாள், விடியற்காலையில், வெள்ளை வண்டி வாசலில் வந்து நிற்கும். அவள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்து உள்ளே உட்கார்ந்து, கதவை நன்றாக இழுத்துச் சாத்துவாள். அவர் பல்துலக்கியபடி வாசலில் நிற்பார். வண்டி தெருமுனையில் திரும்பும் வரை அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். சத்தம் நன்றாகத்தான் இருந்தது.

ஒருநாள் அவள் தலை ஈரத்தோடு திரும்பி வந்தபோது பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டார்.

"உள்ள உக்காந்தா எப்படி இருக்கு?"

"சீட்டு நல்லா பஞ்சு மாதிரி இருக்கு" என்றாள், தலையைத் துவட்டிக்கொண்டே. "நம்மளோடதுதான். போன வாரம் மாத்திட்டாங்க."