ஜெசிந்தாவைக் கூப்பிட்டவர்கள்

துறைமுகத்தை ஒட்டிய பண்டமாரானில் திரேசம்மா வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் செபமாலை முடிந்ததும் ஒரு விண்ணப்பம் உண்டு. "ஆண்டவரே, எங்கள் பங்குக் கோயிலிலிருந்து துறவறத்துக்கு ஒரு பிள்ளையை அழைத்தருளும்." இருபது வருடமாகத் திரேசம்மாதான் அதைக் கண்ணை மூடி, குரலை உயர்த்திச் சொல்லி வந்தாள். அழைக்க வேண்டியது எதிர்வீட்டுப் பிள்ளையை என்பது கடவுளுக்குச் சொல்லாமலே விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. திரேசம்மாவின் ஒரே மகள் ஜெசிந்தாவையே அழைத்துவிட்டார்.

ஜெசிந்தா துறைமுகத்தில் ஒரு சரக்கு அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி. வயது முப்பத்து நான்கு. பிரிக்பீல்ட்ஸ் பக்கம் அவள் விண்ணப்பித்திருந்த கன்னியர் மடத்தில் முப்பத்தைந்து ஆனவர்களைச் சேர்ப்பதில்லை. இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது.

அவள் விஷயத்தைச் சொன்ன அன்று வீடு இழவு வீடானது. கோயில் பாடற்குழுவின் தலைவனான அண்ணன் கிளெமென்ட், "சாமிக்குப் போறது நல்லதுதான்லா, ஆனா நம்ம வீட்டுலேர்ந்தா போகணும்?" என்றான். அப்பா சவரிநாதன் தன் பிரஷர் மாத்திரையை எடுத்துக் காட்டினார். எந்த விவாதத்துக்கும் அவருடைய பதில் அதுதான். ஜெசிந்தாவுக்கு வந்த மூன்று வரன்களும் அந்த மாத்திரையைப் பார்த்துத்தான் திரும்பிப் போயிருந்தன. வேளாவேளைக்கு அதை எடுத்துக்கொடுக்க வேறு ஆள் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், குடும்பத்தைப் பார்த்துப் பேச மடத்திலிருந்து சிஸ்டர் ஃபிலோமினா வந்தார். "பிள்ளைய எப்படிம்மா வளர்த்தீங்க?" என்று கேட்டு, குறிப்பேட்டைத் திறந்தார்.

திரேசம்மா இதற்குத்தான் காத்திருந்தாள். இவள் இல்லாமல் இந்த வீடு ஓடாது என்று விளங்கவைத்து சிஸ்டரை அனுப்பிவிடுவது அவள் திட்டம்.

"இவ பேங்க் கார்டே என் கையிலதான் சிஸ்டர். தனக்குன்னு ஒரு சட்டை வாங்குனதில்ல. ஆம்பளைங்ககிட்ட நின்னு பேசுனதில்ல, பேசியிருந்தா அவ அண்ணன் கால ஒடச்சிருப்பான். இன்னிய வரைக்கும் ஒரு வார்த்த எதுத்துப் பேசுனதில்ல."

சிஸ்டர் எழுதிக்கொண்டே சொன்னார். "ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல். இந்த மூணையும் பழக்குறதுக்கு எங்களுக்கு ஏழெட்டு வருஷம் ஆகும்மா. நீங்க வீட்டுலயே முடிச்சு வச்சிருக்கீங்க."

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். திரேசம்மாவுக்கு அன்று தும்பிக்கைகூடத் தேவைப்படவில்லை.

ஆனால் சிஸ்டர் அத்தோடு விடுகிற ஆள் இல்லை. ஜெசிந்தா பக்கம் திரும்பினார். "வீட்டுலேர்ந்து தப்பிச்சு வர்றதுக்குப் பேரு அழைத்தல் இல்லம்மா. எங்ககிட்டயும் சமைக்கக் குசினி இருக்கு, உத்தரவு போட ஆள் இருக்கு. தப்பிக்கத்தான் வர்றேன்னா நாங்க எடுக்க மாட்டோம்."

அம்மாவின் மறுப்புக்கு ஜெசிந்தா ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். இதற்குப் பார்க்கவில்லை.

"காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் என்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருப்பாங்க சிஸ்டர். சட்டை தேய்க்க, மருந்து எடுக்க, தேத்தண்ணி கலக்க. வேலைக்குப் போறதுக்கு முந்தி கோயில்ல அரைமணி நேரம் உக்காருவேன். அங்கயும் ஒருத்தர் கூப்பிட்டாரு. எதுக்குன்னு சொல்லல, ஒண்ணும் கேக்கல. சும்மா கூப்பிட்டாரு. கேக்காததனாலதான் அவருக்குக் குடுக்கணும்னு தோணுச்சு."

சிஸ்டர் குறிப்பேட்டை மூடினார். "அடுத்த மாசம் மொத வாரம் வந்துரும்மா."

திரேசம்மா மகளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். அவளுக்கு வலித்தது, வலிக்க வேண்டியதுதான்.

உள்ளறையிலிருந்து கிளெமென்ட் கத்தினான். "ஜெசி! தேத்தண்ணி!"

பழக்கத்தில் ஜெசிந்தா எழுந்துவிட்டாள். திரேசம்மா அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். "நீ இரு. நான் போறேன்." முப்பத்து நான்கு வருடத்தில் முதல் தடவை. சிஸ்டருக்கே கண் கலங்கியது.

இரண்டு நிமிடம் குசினியில் பாத்திரங்கள் உருண்டன. பிறகு திரேசம்மாவின் குரல் வந்தது.

"ஜெசி! சீனிப் போத்தல் எங்கடி?"

"மேல் தட்டுல, இடது பக்கம்," என்றாள் ஜெசிந்தா, உட்கார்ந்தபடியே.