டெல்லியில் கடை பூட்டினவர்கள்

நான் ஆறாம் வகுப்போட பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் நோர்பரியில் இருக்கிற என்ர இரண்டு கடையும் நான் ஒருத்தனாய் எழுப்பினது. முற்றுகை எண்டால் என்னெண்டு என்னைவிடத் தெரிஞ்சவன் இந்த லண்டனில் குறைவு. யாழ்ப்பாணத்துக்குப் பாதையை மூடின காலத்தில் அங்கே பலசரக்குக் கடை நடத்தினவன் நான்.

போன வருசம் எங்கட மாதா கோயில் மண்டபத்தில் ஒருநாள் கண்காட்சி. 1857இல வெள்ளைக்காரனை எதிர்த்து எழும்பின டெல்லிப் பட்டணத்தைப் பற்றி. மதிலுக்கு உள்ளே கிளர்ச்சிப் படை, வெளியே மேட்டில் பீரங்கியோட வெள்ளைக்காரன். ஒழுங்கு செய்தவர் மலேசியாவில் இருந்து படிக்க வந்து இஞ்சினியராய் இருந்தவர். நல்ல மனுசன். கடைசிப் பலகையின் அடியில்தான் வில்லங்கம். எழுத்துக் கூட்டி வாசிச்சன்: "வணிகர்கள் கடைகளைப் பூட்டி, போராட்டத்துக்குத் துரோகம் செய்தனர்."

எனக்குச் சுர்ரெண்டு ஏறிச்சு. பூசை முடிஞ்சு வாசலில் நிண்டு என்னைப் பற்றியும் எங்கட ஆக்கள் இப்படித்தான் கதைக்கிறவை. சனம் பட்டினி கிடக்கேக்க கடையைப் பூட்டினவராம்.

"ஐயா, உந்தத் துரோகத்தை அழியுங்கோ."

"ஆதாரம் இருக்கு அண்ணே. கிளர்ச்சிப் படைக்காரங்க எழுதின குறிப்பு."

"கேட்ட சாமான் கிடைக்காதவன் வேற என்னத்தை எழுதுவான்? என்ர கடையில முன்கதவைத் திறந்தால் துவக்கோட வாறவன் மூட்டையோட தூக்குவான். அதால முன்னுக்குப் பூட்டு. பின்பக்க வேலியில ஆள் நுழையிற பொட்டுக்கால சனத்துக்கு அரிசி. வீட்டுக்கு இரண்டு சுண்டு அளந்து குடுத்தன், அதுக்கு மேல ஒரு பிடியும் இல்லை."

பின்னால் நிண்ட ஒரு பெண் சிரிச்சா. "லாபம் வைக்காமலோ அண்ணை குடுத்தனீங்கள்?"

"வைச்சனான் தங்கச்சி! இல்லாட்டி அடுத்த மூட்டையை ஆர் கொண்டுவாறது, உன்ர கொப்பரோ?"

மண்டபமே சிரிச்சுது. இஞ்சினியர் சிரிக்கேல்லை. "டெல்லியிலயும் அப்படித்தான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரியாததைத் துரோகம் எண்டு எழுதப்படாது."

"பிரிண்ட் பண்ணியாச்சு அண்ணே. இப்ப மாத்த முடியாது."

"சரி" எண்டு ஒரு கதிரையை இழுத்து அந்தப் பலகைக்கு முன்னால் போட்டு இருந்தன். மூட்டை சுமந்து அகண்ட முதுகு. கடைசி வரி முழுக்க மறைஞ்சுது. பாதர் வந்து, "எழும்புங்கோ, சாப்பாடு ஆறுது" எண்டார். "இஞ்ச கொண்டுவரச் சொல்லுங்கோ பாதர்" எண்டன். வந்தவைக்கெல்லாம் பூட்டின கடையின் பின்பக்கத்தை நானே சொன்னன். பின்னேரம் இஞ்சினியர் பலகைகளைக் கழட்ட வந்தார்.

"முதல்ல இதைக் கழட்டுங்கோ" எண்டன். அவர் கை வைச்ச பிறகுதான் எழும்பினன்.