அடக்கமான பிள்ளை

நெப்ராஸ்காவில் அந்த ஊரில் பாதிப் பேருக்கு மாட்டிறைச்சி ஆலையில்தான் வேலை. மாரிக்ரூஸுக்கும் அங்கேதான். மகள் யாரெட்ஸியின் பள்ளியில் பெற்றோர் சந்திப்புக்கு வேலை முடிந்த கையோடு ஓடினாள்.

"யாரெட்ஸி வகுப்புல வாயே திறக்கிறதில்ல," என்றாள் ஹோஃபர் டீச்சர். பள்ளி ஆபீஸில் வேலை பார்க்கும் இர்மா அதை ஸ்பானிஷில் சொன்னாள்.

மாரிக்ரூஸுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "ரொம்ப நன்றி டீச்சர்! எல்லாம் எங்க வளர்ப்பு."

புகார் சொன்னால் நன்றி சொல்கிறாளே என்று டீச்சர் விழித்தாள். இர்மாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "அது பாராட்டு இல்லடி! இவ பதில் சொன்னாத்தானே பாடம் மண்டையில ஏறுச்சான்னு தெரியும்? இப்படியே போனா அடுத்த வருஷமும் மூணாவதுலயே உட்கார வச்சிடுவாங்க."

மாரிக்ரூஸ் பிறந்த பக்கத்தில் பெரியவர்கள் எதிரே வாய் திறக்காத பிள்ளைதான் நல்ல பிள்ளை. இங்கேயோ வாயுள்ள பிள்ளைதான் பிழைக்கும். பாவம், அந்தப் பிள்ளை யார் பேச்சைத்தான் கேட்கும்?

"வீட்டுல இவ வாய் ஓயாது டீச்சர். தம்பிக்குப் பாடம் நடத்துறதே இவதான்," என்றாள் மாரிக்ரூஸ்.

டீச்சருக்கு இது புதுச் செய்தி. "அதை நான் கேட்கணுமே!"

"நான் வகுப்புக்கு வந்து சந்தேகம் கேட்கிறேன். அம்மா கேட்டா சொல்லாம இருக்க மாட்டா."

"வெள்ளிக்கிழமை வாங்க," என்றாள் டீச்சர் உடனே.

வெள்ளிக்கிழமை லீவு போட்டு, சர்ச் பூசைக்குப் போடும் நல்ல சட்டையில், கடைசி வரிசைக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தாள் மாரிக்ரூஸ். நாலில் ஒன்று பெரிதா, எட்டில் ஒன்று பெரிதா என்று இங்கிலீஷில் பாடம் ஓடியது. போர்டில் போட்ட படத்தையும் எண்களையும் பார்த்து, என்ன பாடம் என்று மட்டும் அவளுக்குப் பிடிபட்டது. கையைத் தூக்கினாள்.

"எட்டுதானே பெரிசு? அப்ப எட்டுல ஒண்ணுதானே பெரிசா இருக்கணும்?" என்றாள் ஸ்பானிஷில். நடிப்பில்லை, அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை.

"யாரெட்ஸி, அம்மா என்ன கேட்கிறாங்க?" என்றாள் டீச்சர்.

வகுப்பே திரும்பியது. பிள்ளை முகம் சிவந்து அம்மாவைப் பார்த்தாள்.

"சொல்லு கண்ணு. டீச்சர் முன்னாடி பேசினா மரியாதைக் குறைவு இல்ல."

யாரெட்ஸி மெல்ல எழுந்தாள். "ஒரு டோர்ட்டில்லா ரொட்டியை எட்டுப் பேருக்குப் பிச்சுக் கொடுத்தா யாருக்கும்மா பசி அடங்கும்?"

பிறகு அதையே இங்கிலீஷில் சொன்னாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவள் உட்காரவில்லை. "வேற யாருக்காவது புரியலையா?" என்று கேட்டாள்.

மாரிக்ரூஸுக்குக் கண் கலங்கிவிட்டது.

"புரிஞ்சுது டீச்சர்," என்றாள், மகளைப் பார்த்து.