ஜனவரி ஒன்றில் பிறந்தவனுக்குக் கிடைத்த விசா

2025 ஜனவரி 13, திங்கட்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு அந்த மின்னஞ்சல் வந்தது. என் இந்திய விசா விண்ணப்பத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். கடவுச்சீட்டின்படி நான் பிறந்தது ஜனவரி 1. மாநாட்டுக்காரர் தந்த அழைப்புக் கடிதத்தின்படி ஜூன் 13. இதற்கு எழுத்தில் ஒரு விளக்கமும், திருத்திய அழைப்புக் கடிதமும் மூன்று நாட்களுக்குள் வேண்டும் என்றிருந்தது.

புலம்பெயர்ந்த தமிழ்க் கத்தோலிக்கரின் வரலாறு பற்றிய மாநாடு அது. திருச்சியில், 25ஆம் திகதி. லண்டனில் நமது தமிழ்ப் பூசைகளின் முதல் பத்து ஆண்டுகளைப் பற்றி நான் கட்டுரை வாசிக்க இருந்தேன். நான் படித்த ஆராய்ச்சியாளன் அல்ல. வந்த நாளிலிருந்து விடாமல் டயரி எழுதுகிறவன், அவ்வளவுதான்.

ஆனால் எனக்குக் கட்டுரையைவிடப் பெரிய காரியம் ஒன்று திருச்சியில் இருந்தது. என் அக்கா. 1990 இல் போருக்குத் தப்பி மன்னாரிலிருந்து படகேறி இந்தியாவுக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். முப்பத்து நான்கு வருடங்களாக எனக்கு அக்கா என்றால் தொலைபேசியில் ஒரு குரல். ஏன் முன்பே போகவில்லை என்று கேட்பீர்கள். விசாப் படிவத்தை எடுத்தால், பிறந்த திகதி என்ற கட்டத்தில் என் பேனா நின்றுவிடும். இந்த முறை அக்கா சொல்லிவிட்டார்: “மாநாட்டுக்கும் வராட்டி இனி எனக்குப் போன் எடுக்காதை.”

1991 மார்ச் 6, புதன்கிழமை, லண்டன் விமான நிலையத்தில் பிறந்த திகதியைக் கேட்டார்கள். நான் உண்மையில் பிறந்தது ஜூன் 13, புனித அந்தோனியார் திருநாளில். அதனால்தான் எனக்கு அந்தோனிமுத்து என்று பெயர். ஆனால் கூட்டி வந்த ஏஜென்ட், திகதி ஒன்றும் சொல்லாதே, இலங்கையில் உள்ள பழைய கடதாசியோடு ஒத்துப்பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று வெருட்டியிருந்தான். “வருஷம் மட்டும்தான் தெரியும்” என்றேன். திகதி தெரியாது என்று நான் வாழ்க்கையில் சொன்னது அந்த ஒரு நாள்தான். அதிகாரி ஜனவரி 1 என்று போட்டார். அதன்பின் வந்த ஒவ்வொரு கடதாசியிலும் அது ஏறியது. என்றாவது ஒரு நாள் யாராவது இதைக் கிண்டினால், பிரிட்டிஷ் குடியுரிமையே போய்விடும் என்ற பயம் எனக்குள் இருந்துகொண்டே வந்தது.

நான் மட்டுமா? அப்போது லண்டன் ஃபாரஸ்ட் கேட் பகுதியில் ஒரு வீட்டில் ஒன்பது பேர் இருந்தோம். அதில் ஆறு பேருக்கு ஜனவரி ஒன்றுதான் பிறந்த நாள். புதுவருடப் பூசை முடிந்து வந்து, ஒரே கேக்கை ஆறு பேரும் ஒரு கத்தியைப் பிடித்து வெட்டுவோம். எங்களில் மூத்தவர் சூசை அண்ணை. “ஒரே நாளிலை ஆறு பேர். எங்கட அம்மா பாவம்” என்பார். பெற்றோல் ஸ்டேஷன் சட்டையோடு நின்று சிரித்த முகங்கள் இன்றும் கண்ணுக்குள் நிற்கின்றன. அந்த முன்னறையில்தான் தினமும் செபமாலை சொன்னோம். ஷிப்டுக்குப் போகிறவன் பாதியில் எழுந்து போவான். ஷிப்ட் முடிந்து வருகிறவன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் முழந்தாளிடுவான். செபமாலை அறுந்ததே இல்லை. பின்னர் சொந்த வீடுகள் வாங்கி ஆளுக்கொரு பக்கம் போனோம். அப்படி உருகிச் செபித்த நாட்கள் எனக்கு அதன்பின் வரவில்லை.

அன்று மாலை சூசை அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

“அச்சுப் பிழை எண்டு எழுதிவிடும்” என்றார். “ரெண்டு வரி. அலுவல் முடிஞ்சுது.”

“அது பொய் அண்ணை.”

“ஓம், பொய்தான். ஆனா உம்மட ஜூன் பதின்மூண்டை உம்மட்டை ஆர் கேட்டது?”

உண்மைதான். ஒருவரும் கேட்கவில்லை. மாநாட்டுக்கு அனுப்பிய வாழ்க்கைக் குறிப்பில் நானே பெருமையாக எழுதியிருந்தேன். திகதி போடாமல் ஒரு வரி எழுத எனக்கு வராது.

என் மனைவி பிலோமினா அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டு நின்றாள். “உள்ளதை எழுதுங்கோ. பிள்ளையளும் வளந்திட்டினம். இன்னும் எத்தினை வருஷத்துக்கு இந்தப் பயத்தைக் கட்டிக்கொண்டு இருக்கப் போறியள்?”

செவ்வாய்க்கிழமை காலை, முன்னறையில் முழந்தாளிட்டேன். விசா தாரும் என்று கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது வேறு. “ஆண்டவரே, அன்றைக்கு நான் பொய் சொன்னேன். பயந்துதான் சொன்னேன். இந்தப் பயத்தை எடுத்துவிடும்.” வெகுநேரம் அழுதேன். எழுந்து, நடந்ததை நடந்தபடி ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

இனித் திருத்திய கடிதம். அன்று பொங்கல். மாநாட்டு அலுவலகம் வெள்ளி வரை பூட்டு என்று அவர்களே அறிவித்திருந்தார்கள். இருந்தும் பத்து மணிக்கு எடுத்தேன். மூன்றாவது மணியில் ஒரு குரல். மாநாட்டை நடத்தும் குருவானவர்.

“ஆபீஸ் லீவுதாங்க. போன் சார்ஜரை இங்க விட்டுட்டுப் போயிட்டேன், எடுக்க வந்தேன். சொல்லுங்க.”

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

“அழைப்புக் கடிதத்துல பிறந்த தேதி நாங்க யாருக்கும் போடறதில்லைங்க. உங்க குறிப்புல இருந்துச்சுன்னு பையன் சேர்த்துட்டான். பாஸ்போர்ட் நம்பர் மட்டும் போட்டு அனுப்பறேன். விளக்கத்தை மட்டும் நீங்க எழுதினபடியே குடுங்க. மாத்தாதீங்க.”

இருபது நிமிடத்தில் கடிதம் வந்தது. இரண்டையும் அனுப்பினேன். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். விசா இன்னும் வரவில்லை, ஆனால் பயம் போய்விட்டது. என் மன்றாட்டுக்குப் பதில் அன்றே கிடைத்துவிட்டது என்று நம்புகிறேன்.

விசா அடுத்த செவ்வாய், அந்தோனியாருக்குரிய நாளில் வந்தது என்று எழுதினால் நன்றாயிருக்கும். ஆனால் வந்தது புதன்கிழமை, ஜனவரி 22, பின்னேரம் மூன்று ஐந்துக்கு. மறுநாள் விமானம்.

திருச்சியில் அக்கா வாசலில் நின்றார். நான் நினைத்து வைத்திருந்ததைவிடக் குள்ளமாக இருந்தார். என் தலையைத் தடவிப் பார்த்து, “மயிரெல்லாம் எங்கையடா?” என்றார். சனிக்கிழமை மண்டபத்தின் முன் வரிசையில் அமர்ந்திருந்தார். நான் இரண்டாம் பக்கத்துக்கு வரும்போதே நித்திரையாகிவிட்டார். தம்பி வந்துவிட்டான் என்ற நிம்மதியில் வந்த நித்திரை. அவரை எழுப்பிவிடக் கூடாது என்று மிச்சக் கட்டுரையை மெல்லிய குரலில் வாசித்தேன்.

இப்போது நானும் பிலோமினாவும் மீண்டும் தினமும் செபமாலை சொல்கிறோம். உங்களிலும் பலர் பழைய பயம் ஒன்றை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்திருப்பீர்கள். முதலில் அதை ஆண்டவரிடம் சொல்லுங்கள். வேண்டியதைப் பிறகு கேட்கலாம். எனக்குச் சொல்ல முப்பத்து நான்கு வருடங்கள் எடுத்தன. அவர் ஒரு காலைப் பொழுதுக்குள் பதில் தந்தார்.